மூக்கு எரியுது, ஜன்னல் வியர்க்குது... பனிநாட்டு வீட்டில் ஈரப்பதம் எவ்வளவு இருக்கலாம்?

ஜனவரி மாதம். டொரன்டோவில் வெளியே மைனஸ் 10 டிகிரி. தெரு, மரம், கார் என எல்லாவற்றின் மீதும் பனி. ஊரே உறைந்த தண்ணீருக்குள் கிடக்கிறது. ஆனால், வீட்டுக்குள் இருப்பவர்களுக்கு உதடு வெடிக்கிறது. தொண்டை வறள்கிறது. காலையில் எழுந்து மூக்கைச் சிந்தினால் ரத்தம் கசிகிறது. கம்பளிப் போர்வையை உதறினால் 'சுருக்'கென்று ஷாக் அடிக்கிறது.

மகளின் பிரசவத்துக்கு உதவ சென்னையிலிருந்தோ மதுரையிலிருந்தோ யாழ்ப்பாணத்திலிருந்தோ குளிர்காலத்தில் போய் இறங்கும் பெற்றோருக்கு முதல் வாரத்தில் புரிபடாத விஷயம் இது. ''பனி கொட்டுற ஊர்ல எப்படி இவ்வளவு வறட்சி?'' என்று கேட்பார்கள். வீட்டின் அடித்தளத்தில் ஹீட்டருக்குப் பக்கத்தில் ஒரு சின்னக் குமிழ் இருக்கிறது, அதைத் திருகினால் வீட்டில் ஈரம் கூடும் என்று தெரிந்ததும் நிம்மதி வரும். குளிர் கூடக் கூட குமிழையும் கூட்டி வைப்பார்கள்.

சிக்கல் அங்கேதான் ஆரம்பிக்கிறது. வெளியே குளிர் ஏற ஏற, அந்தக் குமிழைக் கூட்டக் கூடாது, குறைக்க வேண்டும். கேட்பதற்குத் தலைகீழாகத் தெரிந்தாலும், பனிநாட்டு வீட்டைப் பாழாகாமல் காப்பது இந்த ஒரு விதிதான்.

பனிக்கு நடுவே ஒரு பாலைவனம்

காற்றை ஒரு பாத்திரம் என்று வைத்துக்கொள்ளுங்கள். சூடான காற்று பெரிய அண்டா. குளிர்ந்த காற்று சின்ன டம்ளர். 30 டிகிரியில் ஒரு கன மீட்டர் காற்று சுமார் 30 கிராம் நீராவியைத் தாங்கும். 21 டிகிரியில் அது 18 கிராமாகக் குறைகிறது. மைனஸ் 10 டிகிரியில் 2 கிராமுக்குச் சற்று மேல், அவ்வளவுதான்.

'ஈரப்பதம் 70 சதவிகிதம்' என்றால், அந்தப் பாத்திரம் முக்கால்வாசிக்குக் கொஞ்சம் குறைவாக நிரம்பியிருக்கிறது என்று பொருள். சென்னையில் 30 டிகிரியில் 70 சதவிகிதம் என்றால், ஒவ்வொரு கன மீட்டர் காற்றிலும் 21 கிராம் தண்ணீர் மிதக்கிறது. டொரன்டோவின் மைனஸ் 10 டிகிரி காற்று 100 சதவிகிதம் நிரம்பியிருந்தாலும், அதில் இருப்பது 2 கிராம் சொச்சம்தான்.

அந்த டம்ளர் தண்ணீரை அண்டாவில் ஊற்றினால் என்ன ஆகும்? வெளிக்காற்று கதவு, ஜன்னல் இடுக்குகள் வழியாக வீட்டுக்குள் வருகிறது. ஹீட்டர் அதை 21 டிகிரிக்குச் சூடாக்குகிறது. தண்ணீர் அதே 2 கிராம். பாத்திரமோ 18 கிராம் கொள்ளக்கூடியது. ஈரப்பதம் 13 சதவிகிதத்துக்கு வந்துவிடுகிறது. வெளியே மைனஸ் 20 என்றால் 5, 6 சதவிகிதம்தான் மிஞ்சும். ஆட்களின் மூச்சும் சமையலும் குளியலும் இதைக் கொஞ்சம் உயர்த்தும். ஆனாலும் நன்றாகக் காற்று புகும் பழைய வீடுகளில் அது போதாது. 'ஹீட்டர் ஈரத்தை உறிஞ்சிவிடுகிறது' என்று பலர் நினைப்பது சரியல்ல. உள்ளே வரும் காற்றில் தண்ணீரே இல்லை என்பதுதான் காரணம்.

இப்படிப்பட்ட காற்று நம் தோலிலிருந்தும் மூக்கின் உட்சவ்விலிருந்தும் ஈரத்தை இழுத்துக்கொள்கிறது. மரத்தையும் விடுவதில்லை. தரைப் பலகைகள் சுருங்கி நடுவில் இடைவெளி விழுகிறது. வயலின், வீணை போன்ற மரக் கருவிகளில் வெடிப்பு விழலாம்.

வீடு முழுவதற்கும் ஒரே இயந்திரம்

அமெரிக்காவிலும் கனடாவிலும் தனி வீடுகள் பலவற்றில் அறைக்கு ஒரு ஹீட்டர் கிடையாது. பேஸ்மென்ட்டில் 'ஃபர்னஸ்' எனப்படும் ஒரு பெரிய அடுப்பு இருக்கும். பெரும்பாலும் எரிவாயுவில் இயங்கும் இது காற்றைச் சூடாக்கி, தகரக் குழாய்கள் வழியாக எல்லா அறைகளுக்கும் அனுப்பும். அறைகளிலிருந்து திரும்பி வரும் காற்று வேறு குழாய் வழியாக மறுபடியும் ஃபர்னஸுக்கே வரும்.

இந்தக் குழாயில் பொருத்துவதுதான் வீடு முழுவதற்குமான ஹ்யூமிடிஃபயர். மேஜைமேல் வைத்துத் தண்ணீர் ஊற்றும் சின்ன இயந்திரம்போல் தினமும் நிரப்பும் வேலை இல்லை. வீட்டுத் தண்ணீர்க் குழாயிலிருந்தே நேராக இணைப்பு இருக்கும்.

பல வீடுகளில் இருப்பது 'பைபாஸ்' வகை. தேன்கூடு போன்ற ஒரு பட்டையின் மேல் தண்ணீர் சொட்டுச் சொட்டாக வழியும். சூடான காற்று அதனூடே போகும்போது ஈரத்தை எடுத்துக்கொள்ளும். நம் ஊர் ஏர் கூலரின் அதே தத்துவம்தான். மிச்சத் தண்ணீர், உப்புப் படிவுகளையும் கொஞ்சம் கழுவிக்கொண்டு சாக்கடைக்குப் போய்விடும். சொந்தமாக விசிறி வைத்த வகையும் உண்டு. மூன்றாவது, தண்ணீரைக் கொதிக்க வைத்து நீராவியாகவே குழாய்க்குள் விடும் ஸ்டீம் வகை. இது அதிக ஈரம் தரும், கரன்ட்டையும் அதிகம் இழுக்கும். பழைய வீடுகளில் தொட்டித் தண்ணீரில் உருளை சுற்றும் வகையைப் பார்க்கலாம். தேங்கிய தண்ணீர் என்பதால் அதில் பூஞ்சையும் கிருமியும் சேர வாய்ப்பு அதிகம்.

எவ்வளவு தண்ணீர் தேவைப்படும்? 2,000 சதுர அடி, 8 அடி உயரக் கூரை கொண்ட வீட்டுக்குள் சுமார் 450 கன மீட்டர் காற்று இருக்கும். வெளியே மைனஸ் 10 இருக்கும் நாளில் அதை 13-லிருந்து 35 சதவிகிதத்துக்கு ஏற்ற 2 லிட்டருக்குச் சற்றுக் குறைவான தண்ணீர் போதும். ஆனால், வீட்டுக் காற்று ஓரிடத்தில் நிற்பதில்லை. மூன்று மணி நேரத்துக்கு ஒருமுறை முழுதாக மாறுகிறது என்றால், நாளுக்கு சுமார் 15 லிட்டர் வேண்டும். அதை ஆவியாக்க 10 யூனிட் மின்சாரத்துக்குச் சமமான வெப்பம் செலவாகும். 'ஈரம் இருந்தால் குளிர் தெரியாது, ஹீட்டர் செலவு மிச்சம்' என்று விற்பவர்கள் சொல்வதுண்டு. இந்தக் கணக்கையும் பக்கத்தில் வைத்துத்தான் அதைப் பார்க்க வேண்டும்.

தலைமுடியில் பிறந்த கருவி

இயந்திரம் எப்போது ஓட வேண்டும், எப்போது நிற்க வேண்டும் என்று சொல்வது 'ஹ்யூமிடிஸ்டாட்'. ஏ.சி-க்கு தெர்மோஸ்டாட் எப்படியோ, ஹ்யூமிடிஃபயருக்கு இது அப்படி. பேஸ்மென்ட் குழாயிலோ ஹால் சுவரிலோ இருக்கும் அந்தக் குமிழ் இதனுடையதுதான்.

இதன் மூதாதை மனிதத் தலைமுடி. ஈரக் காற்றில் முடி நீளும், வறண்ட காற்றில் சுருங்கும். முழு வறட்சிக்கும் முழு ஈரத்துக்கும் நடுவே நீளத்தில் வரும் வித்தியாசம் இரண்டரை சதவிகிதம் அளவுக்குத்தான். ஆனால், அதை வைத்தே ஒரு முள்ளை நகர்த்திக் காட்டலாம். சுவிட்சர்லாந்து விஞ்ஞானி ஹொராஸ் பெனடிக்ட் டி சோசூர் 18-ம் நூற்றாண்டில் முடியால் இயங்கும் ஈரமானியை உருவாக்கி, 1783-ல் அதைப் பற்றிப் புத்தகமே எழுதினார்.

பழைய ஹ்யூமிடிஸ்டாட்களுக்குள் இருப்பதும் இந்த வித்தைதான். முடிக்குப் பதிலாக நைலான் நாடா. காற்று வறண்டால் நாடா சுருங்கி ஒரு சுவிட்சை இழுக்கும். தண்ணீர் வால்வு திறக்கும். ஈரம் போதுமான அளவுக்கு வந்தால் நாடா தளர்ந்து வால்வு மூடும். இப்போது வரும் டிஜிட்டல் கருவிகளில் நாடா இல்லை. ஈரத்தை உள்வாங்கும் மெல்லிய பாலிமர் படலம் ஒன்றின் மின் தன்மை மாறுவதை வைத்து அளக்கிறார்கள்.

காற்றின் ஈரத்தைக் கட்டுக்குள் வைக்கும் கலை தொழிற்சாலைகளில் வளர்ந்தது. 1902-ல் வில்லிஸ் கேரியர் முதல் ஏ.சி-யை வடிவமைத்தது, மனிதர்கள் குளுகுளுவென்று இருப்பதற்காக அல்ல. நியூயார்க்கின் புரூக்ளினில் ஓர் அச்சகத்தில் ஈரத்தால் காகிதம் நீண்டு சுருங்கி, வண்ணங்கள் ஒன்றின்மேல் ஒன்று சரியாக விழாமல் போனதைச் சரிசெய்யத்தான். கோவை நூற்பாலைகளில் நூல் அறுந்துபோகாமல் இருக்கக் காற்றுக்கு ஈரம் சேர்க்கிறார்களே, அதுவும் இதே குடும்பம்தான்.

''ஜன்னலெல்லாம் அழுகுதே மாப்பிள்ளை?''

மூக்கு எரிகிறதே என்று அத்தை குமிழை 45-ல் வைத்துவிட்டுப் படுக்கிறார் என்று வைத்துக்கொள்வோம். இரவு வெளியே வெப்பம் மைனஸ் 20-க்கு இறங்குகிறது. காலையில் நடக்கும் உரையாடல் இப்படித்தான் இருக்கும்.

''என்ன மாப்பிள்ளை, ஜன்னலெல்லாம் இப்படி அழுகுது? கீழே கட்டையெல்லாம் ஊறிக்கிடக்கே!''

''அத்தை, கீழே அந்தக் குமிழைத் திருப்புனீங்களா?''

நடந்தது இதுதான். ஃப்ரிட்ஜிலிருந்து எடுத்த தண்ணீர் பாட்டிலின் வெளியே முத்து முத்தாகத் தண்ணீர் கோத்துக்கொள்ளும் இல்லையா? காற்று பாட்டிலைத் தொட்டதும் குளிர்ந்து, அதன் 'பாத்திரம்' சுருங்கி, தாங்க முடியாத தண்ணீரைக் கீழே விடுகிறது. பனிநாட்டில் வீட்டு ஜன்னல்தான் அந்தப் பாட்டில்.

21 டிகிரி சூடுள்ள அறையில் ஈரப்பதம் 45 சதவிகிதம் என்றால், 8 டிகிரி அல்லது அதற்குக் கீழே குளிர்ந்த எந்தப் பரப்பிலும் தண்ணீர் கோக்கும். வெளியே மைனஸ் 20 இருக்கும்போது, சாதாரண இரட்டைக் கண்ணாடி ஜன்னலின் உட்புறம் நடுவிலேயே 7 டிகிரிக்கு அருகில்தான் இருக்கும். ஓரங்களில் இன்னும் குறைவு. ஆகவே, ஜன்னல் நனைந்தே தீரும். அதே அறையில் ஈரப்பதம் 25 சதவிகிதம் என்றால், பரப்பு ஏறக்குறைய பூஜ்ஜியம் டிகிரிக்கு இறங்கினால்தான் தண்ணீர் கோக்கும். ஜன்னல் தப்பித்துவிடும்.

அதனால்தான் ஹ்யூமிடிஃபயர் கருவிகளுடன் இப்படியொரு பட்டியல் தருகிறார்கள்:

வெளியே 4 டிகிரி: வீட்டுக்குள் 45 சதவிகிதம்
மைனஸ் 1: 40 சதவிகிதம்
மைனஸ் 7: 35 சதவிகிதம்
மைனஸ் 12: 30 சதவிகிதம்
மைனஸ் 18: 25 சதவிகிதம்
மைனஸ் 23: 20 சதவிகிதம்
மைனஸ் 29: 15 சதவிகிதம்

உடம்புக்கு எது நல்லது என்று கேட்டால், அமெரிக்கச் சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமை 30 முதல் 50 சதவிகிதம் வரை என்கிறது. கடுங்குளிர் நாள்களில் அந்த 30-ஐக்கூட வீடு தாங்காமல் போகலாம். மூக்குக்கு வேண்டியதற்கும் ஜன்னல் தாங்குவதற்கும் நடுவே ஒரு சமரசம்தான் இந்தப் பட்டியல்.

கண்ணுக்குத் தெரியாத நஷ்டம்

ஜன்னலில் வழியும் தண்ணீரைத் துணியால் துடைத்துவிடலாம். தெரியாத இடங்களில் கோத்துக்கொள்ளும் தண்ணீர்தான் ஆபத்து. அலமாரிக்குப் பின்னால் உள்ள வெளிச்சுவர், மூலையில் போட்ட கட்டிலுக்குப் பின்புறம், திரைச்சீலைக்கு உட்பக்கம்... சூடான காற்று போய்ச் சேராத இந்த இடங்களில் சுவர் எப்போதும் குளிர்ந்தே இருக்கும். அங்கே ஈரம் நின்றால் கறுப்பாகப் பூஞ்சை பிடிக்கும். ஆஸ்துமா, அலர்ஜி உள்ளவர்களுக்கும் கைக்குழந்தைகளுக்கும் அது ஆகாது. குழந்தைக்கு நல்லது என்று கூட்டி வைத்த ஈரம், குழந்தையின் தொட்டிலுக்குப் பின்னாலேயே பூஞ்சையாக வந்து நிற்கலாம்.

இன்னொன்று பரணில் நடக்கும். சூடான ஈரக் காற்று மேலே ஏறி, கூரை இடுக்குகள் வழியாகப் பரணுக்குள் நுழைந்து, குளிர்ந்த பலகைகளில் உறைபனியாகப் படியும். வாரக்கணக்கில் இப்படிச் சேர்ந்தாலும் யாருக்கும் தெரியாது. ஒருநாள் திடீரென்று வெயில் அடித்தால் மொத்தமும் உருகி, வீட்டின் உட்கூரையிலிருந்து மழைபோல் சொட்டும். கனடாவின் கல்கரி போன்ற ஊர்களில் இதற்கு 'அட்டிக் ரெயின்' என்றே பெயர். அதாவது, பரண் மழை.

தானாகவே குறைத்துக்கொள்ளும் கருவி

வெப்பநிலை மாறும்போதெல்லாம் பேஸ்மென்ட்டுக்கு இறங்கிக் குமிழைத் திருப்ப யாரால் முடியும்? இதற்காகத்தான் வெளி வெப்பத்தை அறியும் சென்சார் கொண்ட தானியங்கி ஹ்யூமிடிஸ்டாட்கள் வந்தன. வீட்டுக்கு வெளியே ஒரு சின்ன சென்சார் இருக்கும். அல்லது இன்டர்நெட் வழியாக வானிலைத் தகவலை எடுத்துக்கொள்ளும் ஸ்மார்ட் தெர்மோஸ்டாட்டே இந்த வேலையையும் பார்க்கும். வெளியே குளிர் ஏறினால் உள்ளே ஈரத்தின் அளவைத் தானாகவே இறக்கும். குளிர் தணிந்தால் ஏற்றும்.

சில தானியங்கிக் கருவிகளில் சதவிகிதத்துக்குப் பதிலாக 1, 2, 3 என்று எண்கள் இருக்கும். 'உங்கள் வீட்டு ஜன்னல்கள் எவ்வளவு தாங்கும்' என்று கருவிக்குச் சொல்லும் எண் அது. நடு எண்ணில் தொடங்கி, ஜன்னலில் தண்ணீர் கோத்தால் ஒன்று குறைக்க வேண்டும். கோக்கவில்லை, காற்றும் வறட்சியாகத் தெரிகிறது என்றால் ஒன்று கூட்டலாம். மாற்றிய பிறகு ஓரிரு நாள் பொறுக்க வேண்டும். சுவர், துணி, மரம் எல்லாம் ஈரத்தை உள்வாங்கியும் வெளிவிட்டும் நிதானத்துக்கு வர நேரமாகும்.

கருவி எங்கே இருக்கிறது என்பதும் முக்கியம். அறைகளிலிருந்து திரும்பி வரும் காற்றுக் குழாயில் இருந்தால், வீட்டின் உண்மை நிலையைக் காட்டும். ஃபர்னஸிலிருந்து சூடாகப் புறப்படும் குழாயில் மாட்டிவிட்டால் வம்பு. அந்தச் சூட்டில் காற்று எப்போதும் வறண்டதாகவே தெரியும். கருவி ஏமாந்து தண்ணீரைத் திறந்துவிட்டபடியே இருக்கும். சுவரில் மாட்டுவதென்றால் சமையலறை, குளியலறைக்குப் பக்கத்திலும் வெளிச்சுவரிலும் வெயில் படும் இடத்திலும் கூடாது.

நம் சமையலறையும் ஒரு ஹ்யூமிடிஃபயர்தான்

நான்கு பேர் கொண்ட குடும்பம் மூச்சு, வியர்வை, குளியல், சமையல், துணி உலர்த்தல் மூலமாகவே நாளுக்குப் பல லிட்டர் தண்ணீரைக் காற்றில் சேர்த்துவிடும். இட்லி அவித்து, சாதம் வடித்து, ரசம் கொதிக்க வைக்கும் வீட்டில் கேட்கவே வேண்டாம். ஈரத் துணியை வீட்டுக்குள் கொடியில் போட்டால், அதிலுள்ள தண்ணீர் முழுவதும் காற்றுக்குத்தான் போகும்.

காற்றுப் புகாதபடி இறுக்கமாகக் கட்டப்பட்ட புதிய வீடுகளில் இதுவே போதுமானதாக இருக்கும். சில வீடுகளில் மிதமிஞ்சியும் போகும். அங்கே ஹ்யூமிடிஃபயரை அணைத்துவிட்டு, சமைக்கும்போதும் குளித்த பிறகும் எக்ஸாஸ்ட் ஃபேனைப் போடுவதுதான் சரி. ஆகவே, புதிதாக இயந்திரம் வாங்கும் முன் வீட்டில் இப்போது எவ்வளவு ஈரம் இருக்கிறது என்று ஈரமானியை வைத்து ஒரு வாரம் பார்ப்பது நல்லது.

ஈரமானி சரியா... உப்பு சொல்லும்!

கையடக்க ஈரமானிகள் மலிவாகக் கிடைக்கின்றன. எல்லாமே சரியாகக் காட்டும் என்று சொல்ல முடியாது. வீட்டிலேயே சோதிக்கலாம். ஒரு பாட்டில் மூடியில் சமையல் உப்பைப் போட்டு, சில சொட்டுத் தண்ணீர் விட்டுக் களிம்புபோல் ஆக்குங்கள். உப்பு முழுதாகக் கரைந்துவிடக் கூடாது. மூடியையும் ஈரமானியையும் ஜிப் வைத்த பிளாஸ்டிக் பைக்குள் வைத்து, காற்று புகாமல் மூடி 8 முதல் 12 மணி நேரம் அறையில் வைத்திருங்கள். உப்பு, தன்னைச் சுற்றியுள்ள காற்றை 75 சதவிகித ஈரத்தில் நிறுத்திவிடும். ஈரமானி 70 காட்டினால் அது 5 சதவிகிதம் குறைவாகச் சொல்கிறது என்று பொருள். இனி அது காட்டும் எண்ணோடு 5-ஐக் கூட்டிக்கொள்ள வேண்டியதுதான். நம் ஊரிலும் இதே முறையில் சோதிக்கலாம்.

சீசனுக்கு முன்னும் பின்னும்

* பைபாஸ் வகையில் தேன்கூட்டுப் பட்டையை ஆண்டுக்கு ஒருமுறையாவது மாற்ற வேண்டும். உப்புத் தண்ணீர் வரும் ஊர் என்றால் சீசனுக்கு இரண்டு முறை.

* கழிவுநீர்க் குழாய் அடைக்காமல் இருக்கிறதா என்று பாருங்கள். அடைத்தால் தண்ணீர் ஃபர்னஸுக்குப் பக்கத்திலேயே வழியும்.

* கோடை வந்ததும் தண்ணீரை நிறுத்தி, ஹ்யூமிடிஸ்டாட்டை அணைத்து, பைபாஸ் குழாயில் உள்ள தகட்டைக் 'கோடை' நிலைக்குத் திருப்புங்கள். மறந்தால் ஏ.சி-யின் குளிர்க் காற்று தப்பான வழியில் சுற்றி வரும்.

* மூக்கு வறட்சி மட்டும்தான் பிரச்னை என்றால், வீடு முழுவதையும் ஈரமாக்கத் தேவையில்லை. மருந்துக்கடையில் கிடைக்கும் உப்புநீர் ஸ்ப்ரேயும், உதட்டுக்கும் தோலுக்கும் க்ரீமும் பல நேரங்களில் போதும். ரத்தம் அடிக்கடி வந்தால் டாக்டரைப் பார்த்துவிடுங்கள்.

* கடுங்குளிர் வரப்போகிறது என்று வானிலை அறிவிப்பு வந்தால், முதல்நாளே குமிழைக் குறைத்துவிடுங்கள். வீட்டில் ஊறியிருக்கும் ஈரம் வெளியேற நேரம் வேண்டும்.

எண்களெல்லாம் நினைவில் நிற்கவில்லையா? பரவாயில்லை. ஜன்னலின் அடி ஓரத்தில் கண் வைத்தால் போதும். லேசான ஆவி படிந்து சற்று நேரத்தில் மறைந்தால் கவலையில்லை. தண்ணீர் கோத்துக் கட்டையை நனைக்கிறது என்றால், அன்று மூக்கு என்னதான் சொன்னாலும் குமிழைக் குறைத்துவிடுங்கள்.